தேயிலையை அடகு வைக்காதீர்கள், அண்ணா

போன வாரம் கோத்தகிரியிலிருந்து ஓர் அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், மூவரும் என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு என்னிடம் வந்தார்கள். கோவையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட். அதற்காக முக்கால் ஏக்கர் தேயிலையை அடகு வைக்க மாமா ஆள்கூடப் பார்த்துவிட்டார். பயப்படாதீர்கள் என்றுதான் நானும் பேச்சைத் தொடங்கினேன். மகளிடம் என்ன பிடிக்கும் என்று கேட்டதும் என் பேச்சே மாறிவிட்டது. அப்பா வேலை பார்க்கும் டீ ஃபேக்டரியில் புது ஹெச்.டி. பேனல், அதாவது உயர் அழுத்த மின்சாரப் பெட்டி, இறக்கிய நாளை அரை மணி நேரம் விடாமல் சொன்னாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அண்ணா, பச்சை இலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வருமானத்தில் வட்டி கட்ட முடியாது. பிள்ளைக்கு மனசில்லாத படிப்புக்காக நிலத்தைத் தொடாதீர்கள். மாமா வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அவள் பார்த்தது 11 ஆயிரம் வோல்ட் பேனலை நிறுவுகிற வேலை. ஈ.பி. லைன் ஃபேக்டரிக்குள் வரும் இடத்தில் நிற்கும் இரும்பு அலமாரி அது. பேனல் உட்காரக் கான்கிரீட்டில் பதிக்கும் இரும்புச் சேனல் துளி ஏறி இறங்கியிருந்தாலும், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் தாங்கிய டிராலி உள்ளே நேராகப் போய் உட்காராது. அதனால் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் பேனலையே ஏற்றுவார்கள். பேனலுக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் உலோகப் பட்டைதான் பஸ்பார்; அதன் போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்கக் கூடாது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் சொன்ன அளவுக்கு முறுக்கி, நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே பெயின்டில் ஒரு கோடு போடுவார்கள். பின்னால் நட்டு நகர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். தளர்ந்த இணைப்பு சூடாகும், ஒருநாள் வெடிக்கும். அந்தத் தீப்பொறி சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடு.

நம் மலையில் இன்னொரு எதிரி பனிமூட்டம். ராத்திரி குளிரில் பேனலுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும், இன்சுலேட்டர் மேல் மின்சாரம் ஊரும். அதனால் பேனல் வந்து இறங்கிய நாளிலிருந்தே உள்ளே இருக்கும் ஹீட்டருக்குத் தனி சப்ளை கொடுத்து வைக்க வேண்டும். கேபிள் நுழையும் துளைகளை எலி புகாமல் அடைக்க வேண்டும். கடைசியில் மின்கசிவு இருக்கிறதா என்று மெக்கர் கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் சார்ஜ், அதாவது மின்சாரம் கொடுப்பது. "ஹீட்டர் எரிஞ்சுதான்னு நான்தான் போய்ப் போய்ப் பார்த்தேன் சார்" என்றாள். அந்தக் கவனம்தான் இந்தத் தொழிலுக்கு முதல் தகுதி.

ஆபத்தில்லையா என்று அம்மா கேட்டார். இருக்கிறது அக்கா, மறைக்க மாட்டேன். ஆனால் முறை தவறாமல் செய்தால் பயமில்லை. எல்.சி. (லைன் கிளியர், வேலை செய்ய எழுத்து அனுமதி) வாங்கு, சப்ளையைப் பிரித்துப் பூட்டு, கரன்ட் இல்லையென்று ஹெச்.டி. டெஸ்டரில் பார், எர்த் போடு, அப்புறம்தான் கை வை. எர்த் சுவிட்ச் போடாமல் கேபிள் அறைக் கதவு திறக்காதபடி உள்ளேயே பூட்டு உண்டு. அதை ஏமாற்றித் திறக்கச் சொல்கிற காண்ட்ராக்டரிடம் எவ்வளவு சம்பளம் தந்தாலும் உங்கள் மகள் ஒரு நாளும் நிற்கக் கூடாது.

பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் படித்தவள் டிப்ளமோ எலக்ட்ரிகலில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். அரசு பாலிடெக்னிக்கில் இரண்டே வருடம், செலவு சில ஆயிரங்களில் அடங்கும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். பிறகு அனுபவம் சேர்ந்ததும் மின் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளலாம். பி.இ. வேண்டுமென்றால் அதிலும் இரண்டாம் ஆண்டில் நுழையலாம். 1932-இல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலை இது. குந்தாவில் இப்போதும் புது மின்நிலைய வேலை நடக்கிறது, கோவையில் பேனல் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன.

மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் இந்த வாரமே எடுத்து வையுங்கள். மாமாவையும் கூட்டி வாருங்கள், அவரிடம் நானே பேசுகிறேன்.