13 நாளும் 10 விமானமும்

கேள்வி: கல்லூரி வினாடி வினாவில் 'இந்தியாவின் முதல் ஃப்ளையிங் ஏஸ் இந்திரலால் ராய்' என்று விடை சொன்னார்கள். ஏஸ் என்றால் என்ன? இவர் யார்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வானில் நடக்கும் சண்டையில் எதிரி விமானங்கள் ஐந்தையாவது வீழ்த்தியவர் ஏஸ். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆரம்பித்து வைத்த பெயர். ராய் கணக்கில் 10. அப்போது அவருக்கு வயது 19.

கல்கத்தாவில் 1898 டிசம்பர் 2 அன்று பிறந்து, லண்டனில் படித்த பையன். பிரிட்டிஷ் விமானப் படையில் சேரப் போனபோது, பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தன் மோட்டார் சைக்கிளை விற்றார். அந்தக் காசில் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் காட்டி, பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வைத்து உள்ளே நுழைந்தார். 1917 டிசம்பரில் பிரான்ஸில் அவருடைய விமானம் விழுந்து பலத்த அடி. இனிப் பறக்க உடம்பு தாங்காது என்று மறுபடியும் ஒதுக்கினார்கள். படுத்திருந்த நாட்களில் விமானங்களாகவே வரைந்து தள்ளினார். அவற்றில் பல இன்னும் இருக்கின்றன. மேலதிகாரிகளை விடாமல் கேட்டு, 1918 ஜூனில் 40-ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் ஓட்டியது எஸ்.ஈ.5ஏ என்ற ஒற்றை இருக்கைப் போர் விமானம். நான் விமானப் படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடலையும் இறக்கைகளையும் பராமரிப்பவனாக, இருந்தவன். அந்த விமானத்தின் படத்தைப் பார்த்தால் என் கண் முதலில் போவது மேல் இறக்கையில் இருக்கும் லூயிஸ் துப்பாக்கிக்குத்தான். அதன் டிரம்மில், அதாவது குண்டுகள் அடுக்கிய வட்டப் பெட்டியில், 97 குண்டுகள். தீர்ந்துவிட்டால் துப்பாக்கியை வளைந்த தண்டவாளத்தில் கீழே இழுத்து, காலி டிரம்மைக் கழற்றி, புதியதை மாட்டி, மறுபடி மேலே தள்ள வேண்டும். மூடியில்லாத காக்பிட். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துக் காற்று முகத்தில் அறையும். விமானத்தைத் திருப்பும் ஸ்டிக்கை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இத்தனையும் செய்யும்போது பின்னால் எதிரி இருப்பான். பாராசூட் கிடையாது. சுற்றிலும் மரச்சட்டமும் டோப் என்ற வார்னிஷ் பூசிய துணியும்தான். தரையில் நின்றே நட்டு முடுக்கியவன் என்பதால் எனக்கு இது இன்னும் அதிகமாக உறைக்கிறது.

1918 ஜூலை 6-இல் முதல் விமானத்தை வீழ்த்தினார். 8-ஆம் தேதி நாலு மணி நேரத்துக்குள் மூன்று. 19-இல் பத்தாவது. 22-ஆம் தேதி பிரான்ஸின் கார்வின் ஊருக்கு மேலே ஜெர்மானியரின் ஃபோக்கர் விமானங்களோடு மோதியதில் உயிர் போனது.

கேள்வி: விருதுக் குறிப்பில் 9 என்றுதானே இருக்கிறது? 10 எப்படி?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அவர் இறந்த பிறகு செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட டி.எஃப்.சி. என்ற பிரிட்டிஷ் வீர விருதின் குறிப்பில் '13 நாட்களில் 9' என்றுதான் இருக்கிறது. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் தொகுத்த பட்டியல் 10 என்கிறது. அந்தப் பத்தில் ஐந்து, கண்ணெதிரே அழிந்தவை. மீதி ஐந்து, கட்டுப்பாடு இழந்து சுழன்று இறங்கியவை. இரண்டு வகையிலும் ஒவ்வொன்று சக விமானியோடு சேர்ந்து வீழ்த்தியது. சுழன்று இறங்கியது எல்லாம் நொறுங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. மேகத்துக்குக் கீழே நிமிர்த்திக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் பிரிட்டிஷ் படை அன்று எல்லோருக்கும் இதே முறையில்தான் எண்ணியது. ராய்க்கு மட்டும் கழித்துப் பார்ப்பது நியாயமில்லை. 9 என்றாலும் அவர் ஏஸ்தான்.

கேள்வி: அவருடைய கல்லறை இந்தியாவில் இருக்கிறதா?
– வாசகர், சேலம்

பதில்: இல்லை. வட பிரான்ஸில், எஸ்தவெல் என்ற சிற்றூரின் பொது இடுகாட்டில் இருக்கிறது. கல்லில் பிரெஞ்சும் வங்காளமும் பொறித்திருக்கிறார்கள். வங்காள வரியில் வரும் 'மகாவீர்', 'சமாதி' இரண்டும் நம் காதுக்கும் பழகிய சொற்கள். மகாவீரனின் சமாதி இது, மரியாதை காட்டு, தொடாதே என்பது பொருள். நூற்றாண்டுக்காக 1998-இல் நம் அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. அதில் ஒன்று என் பழைய சர்வீஸ் டைரியின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.