சிபாப் மிஷினில் தண்ணீர் ஒழுகினால்: புது மிஷினுக்கு முன் வாஷரைப் பாருங்கள்

கேள்வி: தூக்கத்தில் மூச்சு தடைபடுவதால் அப்பா சிபாப் மிஷின் (முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு தரும் கருவி) மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறார். கொஞ்ச நாளாகக் காலையில் மிஷினுக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது. ராத்திரி ட்யூபில் களகளவென்று சத்தமும் வருகிறது. வாங்கிய கோவைக் கடையில், "ஹியூமிடிஃபையர் (காற்றுக்கு ஈரம் ஏற்றும் பகுதி) போய்விட்டது, புது மிஷினே வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள். சளி பிடித்தால் அப்பா அதன் தண்ணீர் டப்பாவில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம் விடுவார். அதனால் இருக்குமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: அவசரப்பட்டுப் புது மிஷின் வாங்கிவிடாதீர்கள். நீங்கள் சொல்வது ஒன்றல்ல, இரண்டு தொல்லை.

ட்யூபில் கேட்கும் சத்தம் ஒழுகலால் வருவதல்ல. சூடான ஈரக்காற்று குளிர்ந்த ட்யூபுக்குள் போகும்போது நீராகிவிடுகிறது. மலையில் குளிர்காலத்தில் இது சகஜம். ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள், ட்யூபைப் போர்வைக்கு அடியில் போகும்படி வையுங்கள். மிஷின் கட்டிலை விடத் தாழ்வாக இருந்தால் தண்ணீர் அப்பாவின் முகத்துக்கு வராமல் டப்பாவுக்கே திரும்பும். உங்கள் மாடலுக்குச் சூடாகும் ட்யூப் கிடைத்தால், கோத்தகிரிக் குளிருக்கு அது கொடுக்கிற காசுக்குத் தகும்.

அடியில் நிற்கும் தண்ணீர் வேறு விஷயம். டப்பாவை மிஷினிலிருந்து தனியாக எடுத்து, வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, கோடு வரை தண்ணீர் விட்டு, காய்ந்த செய்தித்தாள் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். தாள் நனைந்தால் டப்பாவில் விரிசல், அல்லது விளிம்பு ரப்பர் வாஷர் தளர்ந்திருக்கிறது. நனையவில்லை என்றால், கோட்டுக்கு மேல் ஊற்றுகிறீர்களா, மிஷின் சாய்ந்திருக்கிறதா, டப்பாவோடு மிஷினைத் தூக்கி நகர்த்துகிறீர்களா என்று பாருங்கள். தண்ணீர் மிஷினுக்குள்ளே போயிருந்தால் பிளக்கைக் கழற்றி, முழுக்கக் காயும் வரை போடவே கூடாது.

தைலத்தை இன்றோடு நிறுத்துங்கள். நம் ஊர்த் தைலத்தின் மேல் எனக்கும் பிரியம் உண்டு, ஆனால் அது நெஞ்சில் தடவுவதற்கு. டப்பாவில் விட்டால் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கெடுக்கும், ராத்திரி முழுக்க நுரையீரலுக்கும் போகும். குளிருக்காகக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றுவதும் தப்பு, டப்பா கோணிவிடும்.

தினமும் காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, மிதமான சோப்பில் கழுவி, நிழலில் காய வையுங்கள். வெள்ளையாக உப்பு படிந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற வைத்து அலசினால் போய்விடும். மழைக்காலத்தில் எதுவும் காய்வதில்லை என்பதால், இரண்டாவது டப்பா ஒன்று வைத்து மாற்றி மாற்றிப் போடுவது உத்தமம்.

டப்பாவும், பல மாடல்களில் வாஷரும் தனி உதிரிபாகமாகவே கிடைக்கும். மிஷினுக்கு அடியில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்து, உதிரிபாகம் வேண்டும் என்று கடைக்கு எழுத்தில் கேளுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதக் காலத்திலும் கை விரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை.

கேள்வி: சிபாப் டப்பாவில் ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) எப்போதும் கிடைப்பதில்லை. இன்வர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரி தண்ணீர் விடலாமா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: வேண்டாம். அது பேட்டரிக்காகத் தயாரித்தது, மூச்சில் போகும் அளவுக்குச் சுத்தம் என்று யாரும் உறுதி தருவதில்லை. மருந்துக் கடையில் சொல்லி வைத்து மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காத ஓரிரு நாளுக்குக் கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீர் போதும். கிருமி சாகும், உப்பு மட்டும் அப்படியே இருக்கும். அந்த வாரம் வினிகரில் ஒருமுறை கூடுதலாக ஊற வையுங்கள்.