வெளிநாட்டில் இறந்தவரின் உடலுக்கு மருந்து ஏற்றி ஊருக்குக் கொண்டுவரத்தான் வேண்டுமா?

கேட்டவரின் அண்ணன் வளைகுடாவில் இறந்திருக்கிறார். எம்பாமிங், அதாவது உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றுவது, செய்துதான் அனுப்புவோம் என்கிறார்களாம். செத்த உடம்பை அப்படிப் படுத்துவது பாவமில்லையா, அங்கேயே அடக்கம் செய்துவிடலாமா என்பது கேள்வி. அம்மா உயிரோடு இருக்கிறார் என்றால் கொண்டுவந்துவிடுங்கள். இதுதான் என் பதில்.

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம், கத்தோலிக்கக் குடும்பம். சவூதியில் கட்டட வேலைக்குப் போன சித்தப்பா மாரடைப்பில் போய்விட்டார். வேலை கொடுத்த நிறுவனம் இழுத்தடித்ததில் 26 நாள் பிணவறையில் கிடந்தார். இறப்புச் சான்றிதழ், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், எம்பாமிங் சான்றிதழ் எல்லாம் கைக்கு வந்தால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள்.

வயிற்றைக் கிழித்து உறுப்புகளை எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது மம்மி கதை. இதில் கழுத்திலோ தொடை இடுக்கிலோ தமனியைத் திறந்து, ஃபார்மலின் கலந்த திரவத்தை பம்ப் வைத்து ஏற்றுவார்கள், சிரை வழியாக ரத்தம் வெளியே வந்துவிடும். ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு உடம்பின் புரதங்களை இறுக்கிப் பிணைத்துவிடுவதால் கிருமிகளுக்குத் தின்ன எதுவும் தோதாக இருக்காது. அழுகல் தள்ளிப்போகும், அவ்வளவுதான். எங்கள் திருச்சபையில் இதற்குத் தடை இல்லை. 1963 முதல் எரிக்கக்கூட அனுமதி உண்டு, ஆனால் எங்கள் ஊரில் எரித்து நான் பார்த்ததில்லை.

மதுரையில் இறக்கி, பாம்பன் பாலம் தாண்டி வீடு வந்து சேர விடிந்துவிட்டது. பெட்டியைத் திறந்ததும் எல்லோருக்கும் கண் எரிந்தது. முகம் கருத்து, மரம் மாதிரி விறைத்திருந்தது. ஆனாலும் சித்தப்பாதான். அப்பத்தா கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, சவேரியார் கணக்கா கெடாம வந்திருக்கான்" என்றார். பிரான்சிஸ் சவேரியார் 1552-இல் சீனக் கரையோரத் தீவில் இறந்தார். சுண்ணாம்பு போட்டுப் புதைத்தும் உடல் கெடவில்லை என்று பிறகு கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. ஃபார்மலின் பற்றி அப்பத்தாவிடம் யாரும் வாய் திறக்கவில்லை.

தாத்தாவின் உடல் கிடைக்கவே இல்லை. கடலுக்குப் போனவர், வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. 7 வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் சட்டம் இறந்தவராக எடுத்துக்கொள்ளும். அந்த 7 வருடமும் அப்பத்தா தாலியைக் கழற்றவில்லை, ராத்திரி கதவைத் தாழ்போடவும் விடமாட்டாராம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் அவரவர் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற, அவர் மட்டும் நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் காலடியில் ஏற்றுவார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாரே, அதற்காகவே அந்த மருந்து ஏற்றியது தகும்.

கீழக்கரை நண்பன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் வாப்பா துபாயில் மௌத்தானபோது மறுநாளே அங்கே அடக்கிவிட்டார்கள். மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, அடக்கத் தாமதிக்கக் கூடாது, நோகடிக்கக் கூடாது என்பது அவர்கள் முறை. ஊர்ப் பள்ளியில் காயிப் ஜனாஸா தொழுதார்கள். உடல் எதிரில் இல்லாமல் தொழ அவர்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப் பிரிவில் இடமுண்டு. "எந்த மண்ணா இருந்தா என்ன மச்சான்" என்பான். அவன் உம்மாவின் செல்போனில் மட்டும் அந்த கபரின் (கல்லறையின்) போட்டோ இருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம், இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. குழி வெட்டுபவர் வந்ததும், "மருந்து ஏத்துன உடம்பா?" என்றுதான் கேட்டார். எங்கள் மணலில் சில வருடம் கழித்துக் குடும்பக் கல்லறையைத் திறந்து அடுத்தவரை வைப்பது வழக்கம். மருந்து ஏற்றி, உள்ளே தகரம் அடித்த பெட்டியோடு வைத்தால் உடல் மக்கி, அப்படித் திறக்க ரொம்ப நாள் பிடிக்கும். அந்தப் பெட்டி நம் ஊர்ப் பெட்டியைவிட நீளம் வேறு. குழிக்குள் இறங்கவில்லை. ஃபாதர் தீர்த்தச் செம்போடு நிற்க, மறுபடி வெட்டினார்கள். வெட்ட வெட்ட மணல் சரிந்தது, அடியில் தண்ணீர் ஊறியது, சித்தி அரை மணி நேரம் வெயிலில் நின்றார். பெட்டியின் நீள அகலத்தை அனுப்புகிறவர்களிடம் இன்றைக்கே கேட்டு, குழி வெட்டுபவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.