கால்பந்து வீரர்களை ஸ்டுடியோவில் படமெடுக்கும்போது லைட்டையும் போஸையும் எப்படி அமைப்பது?

பளிச்சென்று முகத்தில் லைட் அடித்தால் பாஸ்போர்ட் படம் மாதிரிதான் வரும். வீரனுக்கு வேண்டிய முறுக்கு பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் இருக்கிறது.

ஆளுக்குச் சற்றுப் பின்னால், இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்ட்ரிப் சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் நீண்ட, ஒடுங்கிய பெட்டி) வையுங்கள். அதன் முன்னால் கிரிட் என்ற கட்டம்போட்ட தடுப்பைப் போட்டால் வெளிச்சம் லென்ஸுக்குள் சிதறாது. தாடை, தோள், கை நரம்பு எல்லாம் கோடு போட்டதுபோல் எழும்பும். முன்னால் தலைக்கு மேலிருந்து ஒரு பியூட்டி டிஷ் (வட்டத் தட்டு வடிவ லைட்), பின் லைட்டுகளைவிட ஒரு ஸ்டாப் குறைவாக, அதாவது பாதி வெளிச்சத்தில். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப்/8, ஷட்டர் வேகம் 1/160 நொடி என்று தொடங்கலாம். வெள்ளை ஜெர்ஸி என்றால் பின் லைட்டைக் குறையுங்கள், இல்லாவிட்டால் துணியின் இழையே வெளுத்துவிடும்.

அப்புறம் போஸ். இவர்கள் மாடல்கள் இல்லை. சும்மா நிற்கச் சொன்னால் கை எங்கே போவதென்று தெரியாமல் விறைப்பார்கள். பந்தைக் கொடுத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். உடலைக் கொஞ்சம் திருப்பி, எடையைப் பின்னங்காலில் போட்டு, தாடையை முன்னால் நீட்டி லேசாக இறக்கச் சொல்லுங்கள். கைகட்டினால் விரல்கள் அக்குளுக்குள் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா இடுப்பு உயரத்தில் இருந்தால் ஆள் ஓங்கித் தெரிவார். வியர்வை வேண்டுமா? தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்து தெளியுங்கள், துளிகள் சட்டென்று வழிந்தோடாது.