நாய்க்கு உண்ணி, மகனுக்குக் காய்ச்சல்

கேள்வி: எங்கள் நாய்க்கு உடம்பெல்லாம் உண்ணி, இப்போது சுவரிலும் ஏறுகிறது. அதோடு ஒட்டிக்கொண்டே படுக்கும் 14 வயது மகனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், தாங்க முடியாத தலையிடி. டெங்கு பரிசோதனை நெகட்டிவ். உண்ணிக் காய்ச்சலாக இருக்குமோ?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இருக்கலாம், அதனால் இன்றைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். போனதும் டொக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது, வீட்டில் நாய் இருக்கிறது, அதில் உண்ணி இருக்கிறது என்பதைத்தான். கொழும்பில் காய்ச்சல் என்றாலே எல்லோருக்கும் டெங்குதான் ஞாபகம் வரும். நீங்கள் சொல்லாவிட்டால் நாயைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு முறை நெகட்டிவ் வந்ததை வைத்து டெங்கு இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள், இரண்டிலும் இரத்தக் கசிவைத் தடுக்கும் பிளேட்லெட் குறையும். ஆகவே இப்போதைக்கு பனடோல் மட்டும், இபுபுரூஃபன் வேண்டாம்.

போகுமுன் ஒரு தடவை மகனின் உடம்பைப் பாருங்கள். அக்குள், கவட்டு, காதின் பின்பக்கம், தலைமயிருக்குள். சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருந்தால், அது நோகாவிட்டாலும், டொக்டரிடம் காட்டுங்கள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தாலும் அப்படித்தான். ஆனால் இதெல்லாம் இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும், பலருக்கு உண்ணி கடித்ததே தெரியாது. பற்றைக்குள் விளையாடப் போனானா என்றும் கேளுங்கள். அங்குள்ள சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

பிள்ளை குழம்பிப் பேசினால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால், கண் மஞ்சளானால், எங்காவது இரத்தம் கசிந்தால் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

சந்தேகம் பலமாக இருந்தால் டொக்டர் ரிப்போட்டுக்குக் காத்திராமல் டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக்கைத் தொடங்குவார், ஏனென்றால் முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனையில் இது பிடிபடாமல் போகலாம். வீட்டில் மிச்சம் கிடக்கும் அமொக்சிசிலினைக் கொடுத்துப் பார்க்கும் வேலை வேண்டாம், இதற்கு அது கேட்காது.

நாயைத் துரத்தவும் வேண்டாம், பாவம், அதற்கும் உண்ணியால் காய்ச்சல் வரும். மிருக வைத்தியரிடம் காட்டி மருந்து போடுங்கள். தோலில் ஒட்டிய உண்ணிக்கு மண்ணெண்ணெயோ நெருப்புக்குச்சியோ கிட்டக் கொண்டுபோகாமல், சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நகத்தால் நசுக்கக் கூடாது. நாய் படுக்கும் இடத்துச் சுவர் வெடிப்புகளையும் மருந்தடித்து அடையுங்கள், முட்டையெல்லாம் அதற்குள்தான்.