வாசகர் கேள்வி–பதில்: பாம்பின் நிறமும் பரம்பரையும்

கேள்வி: என் நண்பர் முறைப்படி பதிவு செய்து வளர்க்கும் ‘பால் பைதான்’ (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) இணை இரண்டுமே வழக்கமான பழுப்பு நிறம். ஆனால் அவை ஈன்ற முட்டைகளுள் ஒன்றிலிருந்து அல்பினோ குட்டி வந்தது. அதன் பழுப்பு நிற உடன்பிறப்புகளை ‘66 சதவீத ஹெட்’ என்கிறார். இதற்கு என்ன பொருள்?
– ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: பள்ளியில் மெண்டலின் பட்டாணிச் செடியை வைத்துப் படித்த ஒடுங்கு பண்புதான் இது. கருநிறமியான மெலனின் உருவாவதற்குத் தேவையான மரபணுவின் இரு பிரதிகளும் பழுதுபட்டிருந்தால்தான் பாம்பு அல்பினோவாகும்; அதாவது உடல் மஞ்சளும் வெள்ளையுமாக, கண் சிவப்பாக அமையும். ஒரு பிரதி நன்றாக இருந்தாலே பாம்பு பழுப்பாகத் தெரியும். ஆகவே தாய், தந்தை இரண்டும் பழுதான பிரதி ஒன்றை மறைவாகச் சுமப்பவை. இப்படிச் சுமப்பதையே ‘ஹெட்’ (heterozygous என்பதன் சுருக்கம்) என்கின்றனர். இத்தகைய இணையின் ஒவ்வொரு முட்டைக்கும் அல்பினோவாகும் வாய்ப்பு கால் பங்கு, சுமப்பதாகும் வாய்ப்பு அரைப் பங்கு, எதையும் சுமக்காதிருக்கும் வாய்ப்பு கால் பங்கு. அல்பினோவை விலக்கிவிட்டால், எஞ்சிய மூன்று பங்கில் இரண்டு பங்கு சுமப்பவை. 66 என்பது இதுதான். ஒரு குட்டி மரபணுவைச் சுமக்கும், அல்லது சுமக்காது. மூன்றில் இரண்டு பங்கு சுமப்பது என்று எதுவும் இல்லை. இந்த எண்ணை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பவர் வாய்ப்பை மட்டுமே வாங்குகிறார் என்பேன்.

உறுதி செய்ய, பழுப்புக் குட்டி வளர்ந்தபின் அதை ஓர் அல்பினோவுடன் இணைசேர்க்க வேண்டும். ஒரே ஓர் அல்பினோ பிறந்தாலும் ஐயம் தீர்ந்தது. ஆறு முட்டையும் பழுப்பாகப் பொரித்தால், அது சுமப்பதாக இருந்தும் அவ்வாறு நேர்வதற்கான வாய்ப்பு 64-இல் ஒன்றுதான். (2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, குட்டி பிறந்ததையும் பதிவு செய்ய வேண்டும், நண்பரிடம் நினைவூட்டுங்கள்.)

எல்லா நிறங்களும் இப்படி ஒளிந்திருப்பதில்லை. ‘பேஸ்டல்’ ஒரு பிரதியிலேயே வெளிப்படும்; இரு பிரதிகள் சேர்ந்தால் இன்னும் வெளிறிய ‘சூப்பர் பேஸ்டல்’ கிடைக்கும். ‘ஸ்பைடர்’ வகையும் ஒரு பிரதியிலேயே தெரியும் என்றாலும், அதனுடன் தலை நடுக்கமும் சமநிலைக் குறைவும் கூடவே வருகின்றன. கண்ணுக்கு அழகு என்பதற்காக அதைப் பெருக்குவது எனக்கு ஏற்புடையதன்று.

கேள்வி: இரண்டு அல்பினோ பாம்புகளைச் சேர்த்தால் எல்லாக் குட்டிகளும் அல்பினோதானே?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: இரண்டும் ஒரே மரபணுவில் பழுதுடையவை என்றால் ஆம். போவா பாம்புகளில் ஒன்றோடொன்று பொருந்தாத அல்பினோ வம்சங்கள் உண்டு. அவ்வாறு வேறுபட்ட இரண்டைச் சேர்த்தால், ஒவ்வொன்றும் மற்றதன் குறையை ஈடுசெய்துவிடுவதால், குட்டிகள் அனைத்தும் இயல்பான நிறத்திலேயே பிறந்து இரு பழுதுகளையும் மறைவாகச் சுமக்கும்.