இடக்கையால் எழுதிய டொக்டர்

கேள்வி: ஆண்டு ஒன்று வகுப்புக்கே முப்பது வருடம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். நீரிழிவுக்குக் கிளினிக் போகிறேன். போன மாதம் புதிதாக வந்திருந்த டொக்டர் பிள்ளை, கொப்பியைச் சரித்து வைத்து இடக்கையால் மருந்து எழுதினா. பெயரைப் பார்த்ததும் பிடிபட்டுவிட்டது. 1995இல் என் வகுப்பில் முன்வாங்கில் இருந்த பிள்ளை! இடக்கையால் எழுதுகிறாள் என்று வீட்டில் அடித்தபோது தாயைக் கூப்பிட்டு, "பிள்ளை தன்ர கையாலை எழுதட்டும், விடுங்கோ" என்றவள் நான்தான். அவவுக்கு என்னைத் தெரியவில்லை. சொல்ல வாயெடுத்தேன். "நம்பர் இல்லாமல் முந்த வழி பார்க்கிறியள் எண்டு நினைப்பினம்" என்று மகள் தடுத்துவிட்டாள். பத்து மாதம் படிப்பித்ததற்கு இவ்வளவு பெருமைப்படலாமா? மற்றப் பிள்ளைகள் எங்கெங்கேயோ. ஒருவன் மட்டும் சுன்னாகம் சந்தையில் மரக்கறி விற்கிறான். காணும் நேரமெல்லாம் கறிவேப்பிலையைச் சும்மா பையில் போட்டுவிடுவான்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, வலிகாமம்

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள், ரீச்சர். மகள் சொல்வதிலும் பாதி சரி. அதனால் மருந்து எழுதி முடித்துக் கொப்பியைத் திருப்பித் தரும்போது சொல்லுங்கள். வெளியே வாங்கு நிறையச் சனம் இருக்கும், ஒரு நிமிடம் போதும். நம் ஊர் வழக்கப்படி "என்னை ஆரெண்டு தெரியுதே?" என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். அந்தக் கேள்விக்கு முழித்து அவமானப்படாதவர்கள் யாழ்ப்பாணத்தில் இல்லை, நான் உட்பட. உங்கள் பெயர், பள்ளிக்கூடம், ஆண்டு, பிறகு அந்த இடக்கைக் கதை. அந்த ஒழுங்கில் சொல்லுங்கள்.

அவ மறந்ததில் மனம் நோக என்ன இருக்கிறது? ஐந்து, ஆறு வயதில் நடந்தவை யாருக்கும் துண்டுதுண்டாகத்தான் மிஞ்சும். அதிலும் அது எந்த வருடம்! ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள். ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமமே இடம்பெயர்ந்தது, அதோடு வகுப்பும் கலைந்தது. ஏதும் நினைவிருந்தால் நாவற்குழிப் பாலத்து நெரிசலும் மழையுமாகத்தான் இருக்கும். தான் ஏன் இன்னும் இடக்கையால் எழுதுகிறேன் என்பதே அவவுக்குத் தெரியாமல் இருக்கலாம். அடித்த கதையைத் தாய் எங்கே சொல்லியிருக்கப்போகிறா? உங்களை விட்டால் அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை.

பெருமைப்படலாமா என்று கேட்கவே வேண்டாம். உயர்தரப் பெறுபேறு வந்ததும் டியூஷன் சேர்மார் பிள்ளைகளின் படத்தைப் போட்டுச் சந்திக்குச் சந்தி பனர் கட்டுகிறார்கள். 'ஆனா' எழுதப் பழக்கியவருக்கு யாரும் பனர் கட்டக் காணோம். பத்து மாதமோ பத்து நாளோ, அந்தப் பென்சிலை வலக்கைக்கு மாற்றாமல் விட்டவர் நீங்கள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. டொக்டர் பிள்ளைக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், சந்தைப் பெடியனுக்கு இரண்டு மூன்று வரி. உங்களை இன்றும் அடையாளம் கண்டு கூப்பிடுகிறவன் அவன் அல்லவா? கடையில் கூட்டல், கழித்தல் எல்லாம் மனக்கணக்காகத்தானே போடுவான்? அதை யார் பழக்கியது?

அடுத்த கிளினிக் முடிந்து வரும்போது சுன்னாகத்தில் இறங்குங்கள். டொக்டர் என்ன சொன்னா என்பதை முதலில் அவனிடம் சொல்லுங்கள், ஒரே வகுப்புத்தானே. கறிவேப்பிலைக்குக் காசை நீட்டுங்கள். வாங்கமாட்டான், ஆனாலும் நீட்டுங்கள்.